பட்டி பார்ப்பது

அப்பாவின் காரை விற்பதென்று முடிவானதும் முதலில் கண்ணில் பட்டது அந்த இடம்தான். ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது.

தெரிந்த டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் ஓட்டையைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“வெள்ளத்துல நின்ன வண்டியா தம்பி?”

ஆமாம். 2015 டிசம்பரில், முடிச்சூரில், இரண்டு நாள் தண்ணீரில் நின்றது.

கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பகுதியை ரன்னிங் போர்டு என்கிறார்கள். பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே வெறும் கூடு. உள்ளே போகும் மழைத்தண்ணீர் வடிவதற்காக அடியில் சிறு துளைகளைத் தயாரிக்கும்போதே விட்டிருப்பார்கள். வெள்ளத்துச் சேறு அவற்றை அடைத்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் உள்ளே போன தண்ணீர் வெளியே வரவில்லை. துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டே வந்திருக்கிறது. இருக்க வேண்டிய ஓட்டைகள் அடைபட்டதால் இருக்கக்கூடாத ஓட்டை வந்திருந்தது.

அண்ணன் இரண்டு வழி சொன்னார். “வலை வச்சு பட்டி போட்டுத் தேச்சு பெயின்ட் அடிச்சா ரெண்டாயிரம். துருவை வெட்டி எடுத்து, தகடு வெல்டு வச்சு, அதுக்கு மேல பட்டி பார்த்தா எட்டாயிரம். விக்கப்போற வண்டிதானே?”

பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினும் டால்க்கும் கலந்த பசை. டால்க் என்றால் முகப்பவுடரில் இருக்கிற அதேதான். கொஞ்சம் ஹார்டனர் கலந்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் திறந்திருக்கும் ஓட்டையில் வெறும் பட்டியைப் பூசினால் ஈரம் பின்னாலிருந்து ஏறும், ஓரத்துத் துரு வளரும். இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும் என்பதால் அது மேலே இருப்பதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். “ஒரு மழைக்காலம் தாங்கும்” என்றார் அண்ணன். அதற்குள் வண்டி வேறொருவர் வாசலில் நிற்கும்.

கி.மு. 44இல் சிசரோ தன் மகனுக்காகக் கடமைகள் குறித்து ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஒருவன் வீடு விற்கிறான். அறைகளில் பாம்பு வருவதும் மரம் உளுத்திருப்பதும் அவனுக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டுமா? இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகளை சிசரோ மோதவிடுகிறார். வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது டயோஜினஸின் கட்சி. வழி தெரியாதவனுக்கு வழி காட்டாமலிருப்பதைவிட இது மோசம் என்பது ஆன்டிபேட்டரின் கட்சி. சொல்லியிருக்க வேண்டும் என்று சிசரோ முடிக்கிறார்.

ஆனால் சிசரோவின் ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். உளுத்த மரம் உளுத்தபடியே இருந்தது. தட்டிப் பார்க்கத் தெரிந்தவன் கண்டுபிடித்திருக்கலாம். என் காரில் கொப்பளித்த பெயின்டும் எனக்காகப் பேசிக்கொண்டுதான் இருந்தது. யார் பார்த்தாலும் “இங்கே துரு” என்று அது சொல்லும். இரண்டாயிரம் ரூபாய் அந்த ஒரே சாட்சியின் வாயை அடைப்பதற்கான கூலி.

இந்தக் கூலியை நான் ஏற்கெனவே ஒருமுறை வாங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், சம்பளக் கணக்குப் போடும் ஒரு மென்பொருளில் இருந்தேன். ராத்திரி ஓடும் ஒரு ப்ரோக்ராம் சிலருடைய பதிவு வரும்போது எர்ரர் அடித்து நின்றுவிடும். காலையில் டெமோ. எர்ரரைப் பிடித்து, எதுவும் செய்யாமல் அடுத்த பதிவுக்குப் போகும்படி நாலு வரி எழுதினேன். திரை பச்சையானது, பாராட்டும் கிடைத்தது. மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பதினோரு ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஓவர்டைம் சேரவே இல்லை. எர்ரர் நின்றிருந்தால் யாராவது முதல் நாளே பார்த்திருப்பார்கள். நிலுவை பிறகு போய்ச் சேர்ந்தது. அந்த மூன்று மாதத்தில் அவர்கள் யாரிடம் கைநீட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதற்காகப் பட்டியே பொய் என்று சொல்லிவிட முடியாது. அன்று பட்டறையில் ஒரு ஆட்டோக்காரரும் இருந்தார். கையில் ஆயிரத்து ஐநூறுதான், அடுத்த மாதம் எஃப்.சி.க்குப் பிறகு வெல்டு வைத்துக்கொள்கிறேன், இப்போதைக்குப் பட்டி போதும் என்றார். அதே பசை, அதே துரு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், பின்னால் வரும் செலவும் அவருடையதுதான். நான் செய்யப்போனதில் வழவழப்பு எனக்கு, துரு இன்னொருவருக்கு.

எட்டாயிரம் கொடுத்தேன். அண்ணன் துருப்பிடித்ததை வெட்டி எறிந்து, தகடு வைத்து, அடித்துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தார். பிறகு பட்டி. 80ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180. நடுவில் கறுப்புப் பெயின்டை மெல்லத் தூவி மறுபடி தேய்த்தார். மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் நிற்கும். மறைக்கும் வேலை என்று நான் நினைத்திருந்ததில் குறையைத் தேடிக் காட்டுவதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். “கண்ணு ஏமாந்துடும் தம்பி.”

பெயின்ட் காய்ந்த பிறகு அந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாயிரம் ரூபாய் வேலையும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. வித்தியாசம் தெரிந்தவன் நான் மட்டும்தான். அதனால் நல்ல வேலை செய்துவிட்டதால் மட்டும் சொல்லும் கடமை தீர்ந்துவிடவில்லை.

முதலில் வந்தவர் வெள்ளம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கிளம்பிவிட்டார். இரண்டாவதாக வந்த தம்பதி பதினைந்தாயிரம் குறைத்துக் கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். வெட்டிய இடத்தைப் பட்டறையில் எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். அந்த அம்மா குனிந்து ரன்னிங் போர்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே தெரியலையே, ஏங்க சொன்னீங்க?” என்றார்.

பதினோரு பேரைப் பற்றி அவரிடம் சொல்ல முடியவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் அடியில் இருக்கும் துளைகளில் ஒருமுறை கம்பி விட்டுப் பார்க்கச் சொன்னேன்.