சீருடையும் சிகையும்: பள்ளிச் சிறுவர் முடிநீள விதிகள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குச் செல்லும் மாணவர் வரிசையை நிறுத்தி, சிறுவர்களின் தலைமுடியை ஆசிரியர் சோதித்துப் பார்ப்பது இந்தியப் பள்ளிகள் பலவற்றில் காணப்படும் வழக்கம். காதின் மேல் விழும் முடி, சட்டைக் கழுத்தைத் தொடும் முடி, பக்கங்களை ஒட்ட மழித்து உச்சியில் அடர்த்தியாக விடப்பட்ட முடி ஆகியன விதிமீறலாகக் கொள்ளப்படுகின்றன. மாணவன் திருப்பி அனுப்பப்படுகிறான். சில இடங்களில் ஆசிரியரே கத்தரிக்கோலை எடுக்கிறார். முடிதிருத்துநரைப் பள்ளிக்கே வரவழைத்து வரிசையாக வெட்டச் செய்த நிகழ்வுகளும் தமிழ்நாட்டில் செய்தியாகியுள்ளன. பார்வைக்கு இது சிறிய செய்தி. எனினும், கல்வி தரும் நிறுவனம் கற்பவனின் உடல்மீது எவ்வளவு தூரம் உரிமை கொள்ளலாம் என்னும் அறவியல் வினா இதனுள் அடங்கியுள்ளது.

குடுமியும் பள்ளியும்

சிறுவனின் தலைமயிர் சமூகப் பொருள் உடையதாக இருந்தமைக்குச் சங்க இலக்கியம் சான்று தருகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் இளம் பருவத்திலேயே களம் புகுந்ததைப் பாடும் இடைக்குன்றூர் கிழார் (புறம். 77), கிண்கிணி நீங்கிய காலில் கழல் அணிந்ததையும், குடுமி களைந்த தலையில் வேம்பின் தளிரைச் சூடியதையும் அடுத்தடுத்துக் கூறுகிறார். குடுமி களைதல் பிள்ளைமை நீங்கியதற்கு அடையாளம். ஒக்கூர் மாசாத்தியாரின் பாடலில் (புறம். 279) தாய் தன் ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் பூசி, வேலைக் கையில் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். இவ்விரு பாடல்களிலும் மயிர் குடும்பத்தின், மரபின் ஆளுகைக்குள் உள்ளது. சிறுவனின் விருப்பம் அங்கும் கேட்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பழமை முழுவதையும் உரிமையின் பொற்காலமாகக் காட்டுவது ஆய்வு நேர்மை ஆகாது.

மயிரின் புறத்தோற்றத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள தொடர்பை வினாவுக்கு உட்படுத்தியவர் வள்ளுவர். கூடாவொழுக்க அதிகாரத்தின் இறுதிக் குறள் (280), உலகம் பழிப்பனவற்றை விட்டவர்க்குத் தலையை மழிப்பதும் வேண்டியதில்லை, சடை வளர்ப்பதும் வேண்டியதில்லை என்கிறது. மயிரைப் பறித்தலையும் மழித்தலுள் அடக்குவார் பரிமேலழகர். இது துறவியரை நோக்கிய கூற்று. பள்ளி விதிக்கு அப்படியே பொருத்துதல் மிகையாகும். ஆயினும் சிகையைப் பார்த்து ஒழுக்கத்தை அளத்தல் பிழையான அளவை என்னும் கருத்து இரு இடத்திற்கும் பொதுவானது.

கல்விக்கூடமும் சமய நிறுவனமும் முடியில் தலையிட்ட வரலாற்றுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தெளிவான சான்று உண்டு. கிறித்தவம் தழுவிய தமிழர் குடுமி வைத்திருக்கலாமா என்பது சீர்திருத்தச் சபை மிஷனரிகளிடையே விவாதப் பொருளாக இருந்தது. குடுமி புறச்சமயச் சின்னம், ஆதலால் அதனை அகற்றவேண்டும் என்பது ஒரு தரப்பு. இதனை மறுத்து 1867இல் குடுமி பற்றித் தனியே ஒரு சிறுநூல் எழுதியவர் கால்டுவெல். ஒப்பிலக்கண ஆசிரியராக மட்டுமே அவரை அறிந்தோர் இந்நூலை நினைப்பது அரிது. குடுமி சமயக் குறி அன்று, நாட்டு வழக்கமே என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தின் போக்கை இற்றை நாளின் போக்கோடு ஒப்பிட்டால் ஒரு விந்தை புலப்படும். சீக்கியச் சிறுபான்மையினர் ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரி இடம் கோரிய சிலர் தம் முடியைத் திருத்தியிருந்தமையால் விலக்கப்பட்டனர். அவ்வழக்கில் பஞ்சாப் - அரியானா உயர்நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்தது. களையாத கேசம் சீக்கிய சமயத்தின் இன்றியமையாக் கூறு என்று நீதிமன்றம் ஏற்றது. பள்ளிகளில் சீக்கியச் சிறுவர்க்குக் கிடைக்கும் விலக்கும் இத்தகைய ஏற்பின் மேலேயே நிற்கிறது. 1867இல் முடியைக் காக்க, அது சமயம் சார்ந்ததன்று என்று நிறுவவேண்டியிருந்தது. இன்று அது சமயம் சார்ந்தது என்று நிறுவவேண்டியுள்ளது. இரண்டு வாதங்களிலும் முடிக்கு உரியவனின் சொல்லுக்குத் தனி மதிப்பு இல்லை.

சீருடைக்கும் சிகைக்கும் உள்ள வேறுபாடு

முடிவிதியை ஆதரிப்போர் அதனைச் சீருடையின் நீட்சியாகக் கருதுகின்றனர். சீருடைக்கு வலுவான அறவியல் நியாயம் உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே நிறத் துணியில் ஒரே பலகையில் அமர்தல் சாதியும் பொருளும் பிளந்த நாட்டில் சிறிய பேறன்று. உடையே ஒடுக்குமுறைக் கருவியாக இருந்த நிலம் இது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு 1859ஆம் ஆண்டின் அரச அறிக்கை வரை போராட வேண்டியிருந்தது.

ஆயினும் சீருடையின் நியாயம் சிகைக்குப் பொருந்துமாறில்லை. சீருடை மாலையில் கழற்றப்படுகிறது; அதனுடன் பள்ளியின் ஆளுகையும் கழல்கிறது. வெட்டப்பட்ட முடியோ வீட்டிற்கும் உறவினர் திருமணத்திற்கும் கோடை விடுமுறைக்கும் உடன் செல்கிறது. வாயிலோடு முடியவேண்டிய அதிகாரம் மாணவனின் உறக்கத்திலும் தொடர்கிறது. சமத்துவ நோக்கமும் இங்கு நிறைவேறுவதில்லை. சீருடையை அரசு பல மாநிலங்களில் விலையின்றி வழங்குகிறது. முடிவெட்டும் கூலியை வழங்குவதில்லை. மாதந்தோறும் அக்கூலியைத் தள்ளிப்போடும் வீட்டுப் பிள்ளையே வாயிலில் முதலில் நிறுத்தப்படுகிறான். சென்னை வட்டாரத்தில் 'புள்ளிங்கோ' என்று எள்ளப்படும் சிகையமைப்பை நோக்கினால் மற்றொன்றும் விளங்கும். அங்கு கண்டிக்கப்படுவது நீளம் அன்று. பக்கங்களில் அம்முடி விதி கேட்பதினும் குட்டையானது. அது எந்தக் குடியிருப்பின் தோற்றம் என்பதே கண்டனத்தின் உண்மைக் காரணம்.

தூய்மை, பேன் முதலியன காரணமாகக் காட்டப்படுவதும் உண்டு. அதே பள்ளியில் இடுப்பளவு கூந்தலை இரட்டைப் பின்னலாகப் பின்னி வரும்படி மாணவியர் பணிக்கப்படுவதால் இவ்வாதம் நெடுநேரம் நிற்பதில்லை.

எதிர்வாதங்களுள் கனமானது வேறு ஒன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு ஆணையம், 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு முதலான சாதி அடையாளங்களை அணிவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. உடலின் மேல் உள்ள குறியைப் பள்ளி கட்டுப்படுத்தக் கூடாது என்று பொதுப்படக் கூறுவோர் இதற்கு விடை சொல்லியாகவேண்டும். விடை, அக்குறி யாரை நோக்கிப் பேசுகிறது என்பதில் உள்ளது. சாதிக்கயிறு பக்கத்து இருக்கையில் உள்ள பிள்ளையை அச்சுறுத்துகிறது. அவனைக் காத்தல் பள்ளியின் கடமை. நெற்றியில் விழும் முடி அருகிலிருப்பவனிடம் எதையும் பறிப்பதில்லை. நாளை ஒரு சிகையமைப்பே சாதிக்குறியாக மாறுமாயின் அதனையும் தடுக்கலாம். அப்போதும் தடைக்குக் காரணம் அச்சுறுத்தலே.

நேர்த்திக்கடனும் விருப்பமும்

பழனிக்கோ திருப்பதிக்கோ முடி காணிக்கை நேர்ந்து வளர்க்கும் சிறுவனுக்குப் பெற்றோர் கடிதம் கொடுத்தால் பள்ளிகள் பெரும்பாலும் இசைகின்றன. சில திங்களுக்குப் பின் அவன் மொட்டைத் தலையுடன் வரும்போதும் எவரும் தடுப்பதில்லை. நீண்ட முடியால் வகுப்பு கெடும் என்பதைப் பள்ளியே நம்பவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. நேர்த்திக்கடன் உள்ளவனுக்குத் திறக்கும் கதவு, 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று மட்டும் சொல்பவனுக்கு மூடிக்கொள்கிறது. உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் வழங்கிய புட்டசாமி வழக்குத் தீர்ப்பில், நீதிபதி செலமேசுவர் இவ்விடத்தையே தொட்டார். நீண்ட முடியும் தலைப்பாகையும் சமய நம்பிக்கையின் பகுதியாகக் காக்கப்படுகின்றன. அத்தகைய தோற்ற உரிமை சமயத்தை மட்டுமே சார்ந்திருக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. ஏப்ரல் 2014இல் வந்த திருநர் உரிமை பற்றிய தீர்ப்பு, தான் உணரும் பாலினத்தை உடையாலும் தோற்றத்தாலும் வெளிப்படுத்துதலைக் கருத்துரிமையின் கீழ்க் கொண்டுவந்தது. ஆண்பிள்ளைக்குக் குட்டை முடி என்னும் விதியால் மிகுதியும் துன்புறும் சிறுவர் யாவர் என்பதை அத்தீர்ப்பைக் கற்றோர் அறிவர்.

சிறுவனின் விருப்பம் திரைநடிகரைப் பார்த்துச் செய்யும் போலியே, அதற்கு ஏன் மதிப்பு என்று கேட்கப்படுகிறது. பெரியோரின் விருப்பங்களும் பெரும்பாலும் அவ்வாறே தோன்றுகின்றன. அன்றியும், முடி மீண்டும் வளரும் பொருள்; தவறாகத் தெரிந்தெடுத்தாலும் ஒரு திங்களில் திருத்திக்கொள்ளலாம். தெரிந்தெடுக்கப் பழகுவதற்கு இதனினும் தீங்கற்ற களம் சிறுவனுக்கு வாய்ப்பது அரிது. மீண்டும் வளரும் என்பதையே தனக்குச் சாதகமாகக் கொண்டு ஆசிரியர் கத்தரிக்கோலை எடுக்கும்போது, நாற்பது பேர் நோக்க ஒருபுறம் மட்டும் வெட்டப்பட்ட தலையுடன் நாள் முழுதும் அமர்ந்திருந்தவனின் நாணம் கணக்கில் வருவதில்லை. இத்தகைய செயல், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்யும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின் எல்லைக்குள் வருவது.

அறுபது மாணவரை ஒருவராக ஆளும் ஆசிரியரின் இடர் மெய்யானது. ஒன்றைத் தளர்த்தினால் அனைத்தும் தளரும் என்னும் அவர் அச்சத்தை ஏளனம் செய்தல் தகாது. ஆயினும் காரணம் கூறக்கூடிய கட்டுப்பாடுகளை அவர் நாள்தோறும் எளிதாகவே நடத்தி வருகிறார். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சுடருக்கு அருகே நிற்கும் மாணவியிடம் பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொள்ளும்படி கூறுகிறார். வெட்டிக்கொண்டு வரும்படி கூறுவதில்லை.