கட்டியவன் பொறுப்பு

பொறி என்றால் எல்லோரும் அதன் வாயைப் பற்றியே பேசுகிறார்கள். சுருக்கு எப்படி இறுகும், கூண்டுக் கதவு எப்படி விழும், எதை இரையாக வைக்கலாம் என்பவையே பேச்சு. அதன் மறுமுனை எதிலே கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பவர் அரிது. ஆனால் இந்த விஷயத்தில் நியாயம் அநியாயம் என்று ஒன்று உண்டானால், அது பெரும்பாலும் அந்த மறுமுனையில்தான் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கு இந்த விசாரம் எங்கிருந்து வந்தது என்றால், இரும்புச் சாமான்களுக்குப் பட்டியல் எழுதும் வேலையிலிருந்து வந்தது. செம்பனைக் கன்று நட்ட இடத்தில் காட்டுப்பன்றி புகுந்தால் ஓர் இரவில் வரிசை வரிசையாகக் குருத்தைத் தின்றுவிடும். லயத்துக் கொல்லையில் மரவள்ளியும் வாழையும் வைத்திருப்பவர்களுக்கு அது இன்னும் பெரிய நஷ்டம். நிர்வாகத்துக்குக் கன்று போனால் கணக்கில் ஒரு வரி. தொழிலாளிக்கு மரவள்ளி போனால் சட்டியில் ஒரு வேளை. ஆகையால் பன்றியைப் பிடிக்கவே கூடாதென்று ஜீவகாருண்யப் பிரசங்கம் செய்ய நாம் வரவில்லை. திருக்குறளில் கொல்லாமைக்கென ஓர் அதிகாரம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வேலிக்கு அப்பால் நின்ற பன்றியை நாம் கண்டதில்லை.

முன்னாளில் பொறியைப் பிணைக்க மரமுளை அடித்தார்கள். அல்லது நின்ற மரத்தில் கட்டினார்கள். இப்போது கம்பிவட நங்கூரம் வந்திருக்கிறது. விரல் நீள இரும்புத் துண்டொன்று. அதன் இடையில் எஃகுக் கம்பிவடம் கோத்திருக்கும். இரும்புக்கோலின் நுனியில் அத்துண்டைச் செருகி, சம்மட்டியால் அடித்து மண்ணுக்குள் இறக்கி, கோலை உருவிவிட்டு வடத்தைச் சுண்டி மேலே இழுத்தால், உள்ளே துண்டு குறுக்கே திரும்பிக்கொள்ளும். தொண்டையில் குறுக்கே சிக்கிய மீன்முள்ளை நினைத்துக்கொண்டால் போதும். வெளியே தெரிவது வடத்தின் காது ஒன்றே. ஜார்ஜ் டவுனில் கயிறு முறுக்கிய தொழிலின் பெயரையே ஜாலான் பிந்தால் தாலி என்ற தெரு இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. கயிறு போய்க் கம்பி வந்தது. கட்டும் குணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எந்த நங்கூரத்தை வாங்குவது என்பது மண்ணைப் பொறுத்தது. பினாங்குத் தீவின் மலைச்சரிவு கருங்கல் பூமி. கோல் ஒரு சாண் இறங்குமுன்னே பாறையில் முட்டும். அங்கே ஒடுங்கிய சிறு துண்டுதான் உதவும். அக்கரையில் நிபோங் திபால் பக்கத்துக் கடலோரக் களிமண்ணிலோ, குழைந்த சோற்றில் விரல் இறங்குவதுபோல் கோல் இறங்கும். இறங்குவது எவ்வளவு சுலபமோ, பிடுங்கிக்கொண்டு வருவதும் அவ்வளவு சுலபம். அவ்விடத்துக்கு அகன்ற தகடும் நீண்ட வடமும் வேண்டும். இறுகிய மண்ணில் ஒன்றரை அடி ஆழம் தாங்குமானால், இளகிய மண்ணிலும் மணலிலும் இரண்டரை அடி, மூன்றடி போகவேண்டியிருக்கும். வெயில் காலத்தில் இழுத்துச் சோதித்ததை அக்டோபர் மழைக்குப் பிறகு நம்புவதற்கில்லை. அன்றியும் நம்மவர் மேல்நோக்கி ஒரு முறை இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். பன்றி மேல்நோக்கியா இழுக்கும்? பக்கவாட்டில் பாயும், சுற்றும், மறுபடி பாயும். வடம் முறுக்கேறி நரம்பு நரம்பாய் அறாமலிருக்க நடுவே ஒரு சுழல்வளையம் வேண்டும். வடத்தை மடித்துக் கவ்வும் சிறு பூண் அசட்டையாய் நசுக்கப்பட்டிருந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது அதுவே. கூண்டுக்கும் இதெல்லாம் பொருந்தும். அடியில்லாத கூண்டை மண்ணோடு பிணைக்காவிட்டால், பன்றி மூக்கை உள்ளே கொடுத்து ஒரே தூக்கில் தூக்கிவிடும்.

நிற்க. இங்கே ஒரு வாதம் எழுகிறது. "முளை கொஞ்சம் பலவீனமாகவே இருக்கட்டும், பன்றி நிற்கும், புலியோ கடமையோ மாட்டிக்கொண்டால் பிடுங்கிக்கொண்டு போய்விடும், அதுவும் ஒரு தர்மந்தானே" என்பார்கள். கேட்க இரக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடுங்கிக்கொண்டு போகிற மிருகம் எதைக் கொண்டுபோகிறது? காலில் இறுகிய சுருக்கையும் அதன் பின்னால் வடத்தையும் கொண்டுபோகிறது. கம்பி தோலை அறுக்கும், சதையை அறுக்கும், எலும்பில் போய் நிற்கும். நமது கண்ணுக்கு மறைவில் பத்து நாளில் நடப்பதால் அது இரக்கமாகிவிடாது. உண்மையில் தப்பவிட வேண்டுமென்ற எண்ணமிருந்தால் பலவீனத்தைச் சுருக்கின் பூட்டில் வைக்கவேண்டும். அளவுக்கு மேற்பட்ட பலத்தோடு இழுத்தால் பூட்டே விரிந்து சுருக்கு முழுதும் கழன்று விழும்படியான கொக்கிகள் இருக்கின்றன. தரையிலே உறுதி, கழுத்திலே தளர்ச்சி என்பதுதான் அறிந்தவர் செய்யும் ஏற்பாடு. நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் விரோதம்.

பொறிக்கு ஆள் தெரியாது என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. தினையைத் தின்ன வரும் பன்றிக்காகப் புனத்துக்காரன் கல்லடார் மாட்டி வைக்க, பன்றி தப்பிவிட்டது, புலி அகப்பட்டது என்ற செய்தி நற்றிணையிலேயே இருக்கிறது. அதே கதைதான் இலங்கை மலையகத்திலும் நடந்தது. நல்லதண்ணிக்கு அருகே லக்சபான தோட்டத்துக் காய்கறிக் கொல்லையில் 2020 மே 26-ஆம் தேதி ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் கழுத்து இறுகிக் கிடக்கக் கண்டார்கள். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் மே 29-ல் இறந்துபோயிற்று. இலங்கையில் கருஞ்சிறுத்தை காண்பதே அபூர்வம். அந்தக் கம்பி காட்டுப்பன்றிக்கென்று வைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. வைத்தவனுக்குச் சிறுத்தையின் மேல் என்ன விரோதம்? ஒன்றுமில்லை. அவனுக்கு வேண்டியது நாலு கிழங்கும் கொஞ்சம் கீரையும். மலாயாக் காடுகளிலும் இதுதான் நிலைமை. 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கெடுப்பில் புலிகள் 150-க்கும் குறைவு என்று கண்டார்கள். அவற்றைக் குறைத்ததில் கம்பிச் சுருக்குக்குப் பெரும்பங்கு உண்டு. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்றின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மாத்திரம் 1 கோடியே 23 லட்சம் சுருக்குகள் இருக்கலாமென்று 2020-ல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. இவற்றுள் எத்தனையை, வைத்தவன் திரும்பிப் போய்ப் பார்த்திருப்பான்?

இதைத் தோட்டத்தில் ஒரு பெரியவரிடம் சொன்னபோது, "ஐயா, நாம கட்டுறது பன்னிக்கு, வந்து மாட்டுறது அதது தலையெழுத்து" என்றார். "அண்ணே, தலையெழுத்து மாட்ட வைக்கலாம், கம்பி வாங்கினது நாமதானே?" என்றேன். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. விதி என்ற சொல் எங்கெல்லாம் உபயோகமாகிறது பாருங்கள்! ஒருவன் தன் கையால் செய்த காரியத்தின் நுனியை இருட்டுக்குள் விட்டுவிட்டு, அங்கே நடப்பதற்குத் தான் பாத்தியஸ்தனல்லன் என்று சொல்லிக்கொள்ள அதைவிடச் சௌகரியமான சொல் கிடையாது. பொறியின் சௌகரியமும் அதுவே. துப்பாக்கிக்காரன் பார்த்துச் சுடவேண்டும். பொறி வைத்தவன் தூங்கலாம்.

தூங்குகிறவனுக்குப் பதிலாக விழித்திருப்பது நங்கூரம். அது எத்தனை உறுதியாக இருக்கிறதோ அத்தனை சீக்கிரம் அவன் எழுந்து போகவேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது. இங்கிலாந்தில் 1981-ஆம் வருஷத்துச் சட்டம், சுருக்கு வைத்தவன் தினம் ஒரு முறையாவது போய்ப் பார்க்கவேண்டுமென்று விதித்தது. அதற்குப் பிறகும் கொடுமை குறையவில்லையென்று வேல்ஸ் 2023-லும் ஸ்காட்லாந்து 2024-லும் சுருக்கையே தடுத்துவிட்டன. ருஷ்யாவின் கீழ்க்கோடியில் 1992 முதல் புலிகளை ஆராய்ந்தவர்கள் காலில் மாட்டும் சுருக்கையே கையாண்டார்கள். ஆனால் பொறியோடு ரேடியோக் கருவியைப் பிணைத்து, மிருகம் மாட்டியவுடன் சைகை வரும்படி செய்தார்கள். கம்பி ஒன்றுதான், இறுக்கம் ஒன்றுதான். வித்தியாசம் எத்தனை மணிக்கு மனிதன் வந்து சேருகிறான் என்பதில் இருந்தது.

மனிதனையும் மிருகத்தையும் ஒப்பிடுவதாக எவரும் கோபிக்க வேண்டாம். இருந்தாலும் தோட்டத்தில் பிறந்தவன் ஒன்றை நினையாமலிருக்க முடியாது. 1910-ல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழியும் வரை செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் ஒரு காகிதத்தால் கட்டுண்டு கிடந்தார்கள். ஓடியவனைப் பிடித்துவரக் காட்டிய அக்கறையை, கட்டுண்டவன் எப்படியிருக்கிறான் என்று பார்க்க யாரும் காட்டவில்லை. முளையை மட்டும் பலப்படுத்தும் புத்தியை நாம் அந்தப் பக்கத்திலிருந்தும் அறிவோம்.

இந்நாட்டில் 2010-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சுருக்குக் கண்ணி வைப்பது குற்றம். ஆகவே தோட்டத்துக்கு மிஞ்சியது வேலியும், இலாகாவின் அனுமதியோடு வைக்கும் கூண்டும். கூண்டுதானே, அதில் கொடுமை ஏது என்று கேட்கலாம். நிழலில்லாத நடவுத் திடலில் உறுதியாகப் பிணைத்த கூண்டுக்குள், தண்ணீரில்லாமல், பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பன்றி எப்படியிருக்குமென்று போய்ப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். ஆகையால் நங்கூரத்துக்குப் பட்டியல் எழுதும்போது அதனருகிலேயே இன்னொரு பத்தி வரையவேண்டுமென்பது நமது யோசனை: காலையில் பார்க்கப் போகிறவர் பெயர், போன நேரம், கண்டது என்ன. பெயர் எழுத ஆளில்லாத கூண்டுக்கு நங்கூரமும் வாங்கவேண்டாம். திங்கள் முதல் சனி வரை பெயர் எழுதுவதில் கஷ்டமில்லை. பெரட்டுக்கு வருகிற ஆட்களில் இருவர் சைக்கிளில் அந்த வழியாகத்தான் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடைப்பதுதான் பாடு. அன்றைக்கு அரைநாள் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று எழுதி அனுப்பியாயிற்று. அதற்குச் சம்மதம் வராத வரையில் சனிக்கிழமை மாலையே கூண்டுக் கதவுகளைக் கம்பியால் கட்டி மூடிவிடுவது என்று ஏற்பாடு.