கோயிலும் விண்கோபுரமும்

விஞ்ஞானப் புனைகதை, வாழ்வினின்றும் தப்பியோடுவோரின் புகலிடம் என்பர். ஆதர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட 'த பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்' நாவலைத் திருகோணமலையில் இருந்து படிப்பவருக்கு அவ்வாறு தப்ப வழியில்லை. விண்வெளிவரை எழவேண்டிய கோபுரத்துக்கு ஒரு மலையுச்சி தேவைப்படுகிறது. அங்கோ பௌத்த மடம் ஒன்று உளது. மானுட முன்னேற்றத்தின் பேரால் துறவிகளை அகற்றுதல் தகுமா? இவ்வினாவை நாவல் இறுதிவரை விசாரிப்பதில்லை. வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டினால் மடம் கலையும் என்பது கதையிலுள்ள ஐதீகம்; புயலொன்று அவற்றைக் கொண்டு சேர்க்க, இணங்க மறுத்திருந்த துறவிகள் தாமே விலகுகின்றனர். அழகிய உபாயம்தான், ஆயினும் நழுவலே. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தியபோது எந்தப் பூச்சியும் சம்மதம் கொணரவில்லை. கிளார்க் இதனை அறியாதவருமல்லர். 1956இல் சுவாமிமலையடிக் கடலில் மூழ்கி, அக்கோயிலின் இடிபாடுகளை நேரிற் கண்டவர் அவர்.