இரண்டாயிரம் ஆண்டு உறங்கிய விதை

செத்த விதை எது, உறங்கும் விதை எது என்று உங்களால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? இரண்டையும் உள்ளங்கையில் வைத்து எவ்வளவு நேரம் உற்றுநோக்கினாலும் விடை கிடைக்காது. இதை நமக்கு நன்றாய் விளங்க வைத்தது ஒரு பேரீச்சங்கொட்டை.

சாக்கடலின் மேற்கே மசாதா என்னும் செங்குத்தான மலைக்கோட்டை இருக்கிறது. பெத்லகேம் குழந்தைகளைக் கொல்வித்ததாகச் சுவிசேஷம் கூறும் ஏரோது மன்னன் அதன் உச்சியில் அரண்மனை கட்டியிருந்தான். கி.பி. 70-ல் ஜெருசலேம் அழிந்தபின், உரோமையர் அக்கோட்டையையும் முற்றுகையிட்டுப் பிடித்தனர். 1963 முதல் 1965 வரை யிகாயேல் யாதின் என்னும் அறிஞர் அங்கே அகழ்வாராய்ச்சி நடத்தினார். அப்போது கிடைத்த பொருள்களில் சில பேரீச்சங்கொட்டைகளும் இருந்தன.

யூதேயா நாட்டுப் பேரீச்சை அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றது. உரோமை ஆசிரியர் பிளினி அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார். எரிக்கோ பட்டணத்தைப் பேரீச்ச மரங்களின் நகர் என்றே வேதாகமம் அழைக்கிறது. ஆனால் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பழைய தோப்புகள் அழிந்துபோயின.

கண்டெடுத்த கொட்டைகளை அறிஞர்கள் பத்திரப்படுத்தினார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவை சும்மா கிடந்தன. பின்பு சாரா சலோன் என்ற மருத்துவர் அவற்றில் சிலவற்றைக் கேட்டு வாங்கினார். 2005 ஜனவரியில், எலேன் சாலவே என்ற பெண்மணி மூன்று கொட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, உரமூட்டி, மண்ணில் ஊன்றினார். சில வாரங்களில் ஒன்று முளைத்தது! அதன் வேரில் ஒட்டியிருந்த ஓட்டுத் துணுக்குகளைச் சோதித்தபோது, வயது சுமார் இரண்டாயிரம் ஆண்டு என்று தெரிந்தது. அதற்கு மெத்துசலா என்று பெயரிட்டார்கள். அது ஆண் மரம். யூதேயாவின் பிற இடங்களில் கிடைத்த பழைய கொட்டைகளிலிருந்து பிற்பாடு ஹன்னா என்ற பெண் மரமும் வளர்ந்தது. மெத்துசலாவின் மகரந்தத்தால் 2020-ல் ஹன்னா பழம் தந்தது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அந்நாட்டின் கடும் வறட்சியில் ஈரம் புகாததால் கொட்டை அழுகவில்லை. உள்ளிருந்த கரு அடங்கிக் கிடந்தது. ஆயினும் காரணம் தெரிந்துவிட்டதால் வியப்பு குறைந்துவிடுமா? கூடத்தான் செய்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். "இவன் உருப்படமாட்டான்" என்று எத்தனை எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம்! குடித்துக் கெட்ட அண்ணன், படிப்பு ஏறாத பையன், சண்டையிட்டு வீட்டை விட்டுப் போன மகள்: இவர்களுக்கெல்லாம் நாம் மரணத் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறோம். ஒரு கொட்டையின் உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நாம், ஒரு மனிதனின் உள்ளத்தில் நன்மை செத்துவிட்டதென்று எப்படிச் சொல்வது?

"ஊன்றிய மூன்றில் இரண்டு முளைக்கவில்லையே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொறுமை காட்டிய இடமெல்லாம் பலன் கிடைக்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். எத்தனையோ தாய்மார் கண்ணீர் விட்டும் பிள்ளை திரும்பாமல் போனதுண்டு. ஆனால் எது முளைக்கும் என்று அந்தப் பெண்மணிக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகையால் மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றினார். முளைக்கும் என்ற உறுதி கிடைத்த பிறகே ஊற்றுவேன் என்றிருந்தால், ஒன்றுகூட முளைத்திராது.

இன்னுமொன்றையும் கவனியுங்கள். வறண்ட பூமி கொட்டையை இரண்டாயிரம் ஆண்டு கெடாமல் காத்தது. ஆய்வாளர் நாற்பது ஆண்டு காத்தனர். ஆனால் காத்ததால் மட்டும் அது முளைத்துவிடவில்லை. "நான் அவனை வீட்டை விட்டுத் துரத்தவில்லையே, சோறு போடுகிறேனே" என்று நாமும் சொல்லிக்கொள்கிறோம். அது வரையில் நல்லதுதான். ஆனால் அவனோடு அன்பாய் நாலு வார்த்தை பேசி எத்தனை நாளாயிற்று? அவன் தவறைத் தவறென்று சொல்லத்தான் வேண்டும். அவனே தவறு என்று சொல்லலாகாது.

அடுத்த குருத்து ஞாயிறன்று கையில் ஓலை பிடிக்கும்போது, அந்தப் பழைய கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளாகவே, நீங்கள் முடிந்துபோனவன் என்று ஒதுக்கிவிட்ட ஒருவரின் வாசலுக்கு ஒரு முறை போய் வாருங்கள்.