அருகிருந்து கற்றல்

வாழ்வைச் செம்மைப்படுத்திக்கொள்ள விரும்புகிறவர்களுக்கென்று எழுதப்பட்ட நூல்கள் இன்று தமிழ்ப் புத்தகக் கடைகளில் தனி அடுக்கே பிடிக்கும் அளவுக்குப் பெருகியிருக்கின்றன. பழைய ஞானநூல்களிலிருந்து பொறுக்கியெடுத்த வாசகங்களைத் தொகுத்துத் தருபவையும் அவற்றுள் உண்டு. அவ்வாசகங்கள் பெரும்பாலும் உண்மையானவையே. எனினும், அவற்றை ஆர்வத்தோடு வாசித்தவர்களில் பலர் சில மாதங்கள் கழிந்ததும் பழைய கோபத்தோடும் பழைய அச்சத்தோடும் அப்படியே இருப்பதைக் காண்கிறோம். வாசிப்பவரின் சோம்பலைக் காரணம் காட்டிவிடுவது எளிது. ஆனால் அந்த ஞானம் முதலில் எவ்வகைச் சூழலில் பிறந்தது, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனித்தால் வேறொரு விடை புலப்படும். அவ்விடையைத் தன் நூறாண்டு வரலாற்றில் தாங்கியிருக்கும் அமைப்பு ஒன்று நீலகிரியில் இருக்கிறது.

ஊட்டியை அடுத்த ஃபெர்ன்ஹில்லில் உள்ள நாராயண குருகுலம், கேரளத்தின் ஞானியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான நாராயண குருவின் மாணவர் நடராஜ குரு தொடங்கிய அமைப்பைச் சேர்ந்தது. கேரளத்தின் ஈழவச் சமூகத்தினரின் உரிமைக்காகப் போராடிய டாக்டர் பல்புவின் மகனாக 1895-இல் பெங்களூரில் பிறந்த நடராஜ குரு, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1923-இல், தம் ஆசிரியரின் ஆசியுடன், நீலகிரியில் குருகுலத்தை நிறுவினார். குருகுலம் என்பது, மாணவர் ஆசிரியரின் இருப்பிடத்திலேயே தங்கி, சமைப்பதிலும் தோட்ட வேலையிலும் உரையாடலிலும் அவரோடு பங்குகொண்டு கற்கும் பழைய முறை. பின்னர் அவர் ஐரோப்பா சென்று, பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கல்வி நிகழும்போது அதில் தனிமனித ஆளுமைக்கு உள்ள இடம் எது என்பதே அவருடைய ஆய்வுப்பொருள். அத்தகைய பட்டத்தோடு 1933-இல் நாடு திரும்பியவர் பேராசிரியர் பதவியில் அமராமல் ஃபெர்ன்ஹில்லில் ஒரு சிறு குடிலில் தங்கிவிட்டதைப் பலர் துறவு என்று மட்டுமே புரிந்துகொள்கின்றனர். ஆய்வேட்டில் எழுப்பிய கேள்வியை வாழ்ந்து பார்க்கும் முயற்சியாகவும் அதைக் கொள்வதே பொருத்தம்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் உள்ளதை அவர் இருமுனை உறவு என்று விளக்கினார். ஒரு முனையில் வழங்குகிறவரும் மறுமுனையில் பெறுகிறவரும் நின்றாலும், இருவரில் ஒருவர் மனம் விலகிவிட்டால் அறிவு நகர்வதில்லை என்பதும், பாடத்தின் சிறப்போ பாடமுறையின் நுட்பமோ அவ்விலகலை ஈடுசெய்ய முடியாது என்பதும் அக்கருத்தின் சாரம். நாராயண குருவும் இவ்வாறு பெற்றவரே. தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர் அவர். நடராஜ குருவிடம் பயின்ற நித்ய சைதன்ய யதி (1924–1999) தம் இறுதிக்காலத்தில் ஃபெர்ன்ஹில்லிலேயே வாழ்ந்து அங்கேயே மறைந்தார். இந்த நால்வரும் ஒருவர் அருகில் ஒருவர் இருந்து கற்ற தொடர்ச்சி, எந்த நூலாலும் தனித்து உருவாக்கியிருக்க முடியாத ஒன்று.

நூல்களும் பெரும்பாலும் அத்தகைய கூட்டுவாழ்வின் மிச்சங்களாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. நாராயண குரு 1897-இல் இயற்றிய ‘ஆத்மோபதேச சதகம்’, அதாவது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் அறிவுரையாக அமைந்த நூறு பாடல்கள், நித்யாவின் விரிவான உரையோடு இன்று வாசிக்கப்படுகிறது. அவ்வுரை மாணவர்களுக்கு நடத்திய வகுப்புகளிலிருந்து உருவானது. உபநிடதங்களின் பெரும்பகுதி உரையாடல். கிரேக்க நாட்டு ஞானி எபிக்டெட்டஸ், இன்பதுன்பங்களால் அலைக்கழியாத உறுதியைப் போதித்த ஸ்டோயிக் மரபினர். அவர் எதையும் எழுதிவைக்கவில்லை, மாணவர் அரியன் எடுத்த குறிப்புகளே இன்று அவர் பெயரில் நிலவுகின்றன. அதே மரபில் வந்த ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தமக்காக எழுதிவைத்த ‘தியானங்கள்’ நூலை வாசிப்போர் முதல் பகுதியைத் தாண்டிச்சென்று பொன்மொழிகளைத் தேடுவது வழக்கம். ஆனால் அந்த முதல் பகுதி முழுவதும் நன்றிப் பட்டியல்: பாட்டனாரிடமிருந்து இன்னது, தாயிடமிருந்து இன்னது, ஆசிரியர் ரஸ்டிகஸிடமிருந்து இன்னது என்று, தாம் பெற்ற ஒவ்வொரு குணத்தையும் அது யாரிடமிருந்து வந்தது என்பதோடு சேர்த்தே அவர் எழுதியிருக்கிறார்.

திருக்குறளின் அதிகார வரிசையும் இங்கே எண்ணத்தக்கது. பொருட்பாலில் கல்வியும் கேள்வியும் அறிவுடைமையும் சொல்லப்பட்ட பின் குற்றங்கடிதல் வருகிறது. அதையடுத்துப் பெரியாரைத் துணைக்கோடலும் சிற்றினம் சேராமையும் அமைகின்றன. படித்து, கேட்டு, அறிந்து, தன் குற்றத்தைத் தானே களைய முனைந்த ஆட்சியாளனுக்கும் அதன் பிறகு துணை தேவைப்படுகிறது என்று இவ்வரிசையை வாசிக்க இடமுண்டு. துணையைக் கல்வியின் தொடக்கநிலைக்கு மட்டும் உரியதாக நினைக்கும் இக்காலப் பழக்கத்துக்கு இது நல்ல மறுப்பு.

அருகிருப்பது எதைத் தருகிறது என்பதை நீலகிரியின் எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் காணலாம். கொழுந்து பறிப்பதற்கான விதி ஒரே வரி: இரண்டு இலையும் ஒரு மொட்டும். புதிதாக வந்த பெண் அவ்விதியை மட்டும் நம்பிச் செடியின் முன் நின்றால் முற்றிய இலையையும் சேர்த்து முறிப்பாள், அல்லது அடுத்த சுற்றுக்கு விடவேண்டிய இளந்துளிரைக் கிள்ளிவிடுவாள். பல்லாண்டு பறித்த ஒருத்தி பக்கத்து வரிசையில் நிற்க, அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டை எங்கே பற்றுகின்றன, ஒரு கை முறித்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த கொழுந்துக்கு எப்படிப் போய்விடுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த விதி புதியவளின் கைக்கு வருகிறது. சொல்லில் முழுதும் அடங்காத இவ்வறிவைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் மைக்கேல் போலானி என்ற சிந்தனையாளர் விரிவாக எழுதினார். சினம் அடக்குதலும் அவ்வகை அறிவே. சினம் கூடாது என்பதை அறியாதவர் யாருமில்லை. ஆனால் சுடுசொல்லைக் கேட்டபின் ஒரு மூச்சு பொறுத்து, குரலை உயர்த்தாமல், கேட்கப்பட்டதற்கு மட்டும் விடைசொல்லும் ஒருவரைப் பலமுறை அருகிலிருந்து பார்த்தவருக்கே அது இயலக்கூடியது என்ற நம்பிக்கை பிறக்கிறது.

இதில் பெரிய ஆபத்தும் உண்டு. அருகிருத்தல் அடிமைத்தனமாக மாறியதற்கும், குரு என்ற பெயரால் மனிதர்கள் சுரண்டப்பட்டதற்கும் இந்நாட்டில் சான்றுகள் ஏராளம் என்பதால், இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்வது நேர்மையாகாது. நாராயண குருவின் மரபு இதற்கு ஒரு அளவுகோலைத் தந்திருக்கிறது. 1924-இல் ஆலுவாவில் அவர் கூட்டிய சர்வமத மாநாட்டில், வாதிட்டு வெல்வது நோக்கமாகாது, அறிவதும் பிறருக்கு அறியச்செய்வதுமே நோக்கம் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. கேள்வி கேட்பவரை வரவேற்காத எந்த ஆசிரியரும், அவர் எத்தனை பெரியவராயினும், இந்த அளவுகோலில் தேறமாட்டார். நித்யாவைத் தம் ஆசிரியராகக் கொண்ட தமிழ் எழுத்தாளர் ஜெயமோகன் அவர் நினைவாக ஊட்டியில் இலக்கிய முகாம்களை நடத்திவந்ததும், அங்கே படைப்புகள் முன்வைக்கப்பட்டு விவாதிக்கப்பட்டதும் அந்த மரபின் இயல்பான நீட்சி.

ஞானியர் அருகில் வாழும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை என்ற மறுப்பு எழலாம், அது நியாயமானதே. ஆனால் துணைக்குரிய பெரியவர் புகழ்பெற்றவராகவோ தத்துவம் கற்றவராகவோ இருந்தாக வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கணக்கில் ஒரு பைசா பிசகாத கடைக்காரர், நெடுநாள் நோயாளியைச் சலிப்பின்றிப் பேணும் அண்டைவீட்டு அம்மாள் என்று ஒவ்வொரு தெருவிலும் ஏதேனும் ஒரு குணத்தில் முதிர்ந்தவர் இருக்கிறார். அவரை அடையாளம் கண்டு, அவரோடு நேரம் செலவிடுவதற்கான பணிவுதான் அரிதாகிவிட்டது. மார்க்கஸ் அரேலியஸின் பட்டியலில் மெய்யியல் அறிஞர்களுக்கு முன்பாகவே, சிறுவயதில் தம்மைப் பேணி வளர்த்த ஒருவர் இடம்பெறுகிறார். பேரரசர் அவருடைய பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. உழைப்புக்கு அஞ்சாமை, தேவைகளைக் குறைத்துக்கொள்ளுதல், தன் வேலையைத் தன் கையாலேயே செய்தல், பிறர்மேல் சொல்லப்படும் அவதூறுக்குச் செவிகொடாமை ஆகியவற்றை அவரிடமிருந்து பெற்றதாக மட்டும் எழுதியிருக்கிறார்.