நினையாது சொன்ன சொல்

நாம் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாயுமுன் உண்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிரும் நம்மால் வருந்தலாகாது என்பதே காரணம். ஆனால், நம் சொல்லால் ஒரு குழந்தையின் உள்ளம் புண்படும்போது, "வேண்டுமென்று சொல்லவில்லையே" என்று அமைதி கொள்கிறோம். கருதாமல் இழைத்த துன்பம் ஹிம்சை ஆகாதா? இவ்வினாவை எண்ணும்போதெல்லாம் ஜப்பான் நாட்டுப் பள்ளி ஒன்று என் நினைவுக்கு வருகிறது.

டோக்கியோ நகரில் 1937-ஆம் ஆண்டு சோசாகு கோபயாஷி என்னும் கல்வியாளர் 'டோமோயே' என்ற பள்ளியை நிறுவித் தாமே தலைமையாசிரியராக விளங்கினார். பழைய இரயில் பெட்டிகளே வகுப்பறைகள். அன்றைய பாடங்களுள் எதனை முதலில் தொடங்குவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்வர். 1945-இல் விமானக் குண்டுவீச்சில் பள்ளி எரிந்துபோயிற்று. அங்குப் பயின்ற டெட்சுகோ குரோயாநாகி 1981-இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்' என்னும் நூல் தமிழிலும் வந்துள்ளது. அதில் கண்ட நிகழ்ச்சி இது.

மனிதனுக்கு முற்காலத்தில் வால் இருந்தது என்று ஓர் ஆசிரியை பாடம் நடத்தினார். வளர்ச்சி குன்றிய உடலுடைய ஒரு சிறுவனை நோக்கி, "உனக்கு வால் இருக்கிறதல்லவா?" என்று வேடிக்கையாகக் கேட்டுவிட்டார். சிறுவன் எழுந்து, இல்லை என்று மறுத்தான். இதனை அறிந்த கோபயாஷி பெரிதும் வருந்தினார். அச்சிறுவன் தன் உடலை எண்ணிக் கூசக்கூடாது என்பதற்காகவே, குட்டையான கால்களுக்கு ஏற்ற விளையாட்டுப் போட்டிகளை அமைத்து, அவன் முதலிடம் பெறச் செய்தவர் அவர். ஆசிரியையைக் கடுமையாகவே கண்டித்தார். ஆயினும், பிற ஆசிரியர்கள் இருக்கும் அறையில் அன்று, தனியே சமையலறையில். தாம் தீய எண்ணத்துடன் கூறவில்லை என்று அவ்வம்மையார் அழுதார்.

அவர் கூறியது உண்மையே. ஆயினும் நம் ஆகமம் என்ன சொல்கிறது? பிரமாதம், அதாவது விழிப்பின்மை, காரணமாக உயிரை ஊறுபடுத்துதலே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. பொன்னூர் மலையில் நாம் வணங்கும் குந்தகுந்தாசாரியரும், உயிர் இறப்பினும் இறவாவிடினும் விழிப்பின்றி ஒழுகுபவனுக்கு ஹிம்சை உண்டு என்றே பிரவசனசாரத்தில் உணர்த்துகிறார். எனவே, "நான் நினைக்கவில்லை" என்பது விடுதலை தரும் சொல்லன்று. நினைத்திருக்க வேண்டிய இடத்தில் நினையாமையே குற்றம். பேச்சில் விழிப்பைப் பாஷா சமிதி எனத் தனியே வகுத்ததன் பொருளும் இதுவே.

மற்றொன்றும் கருதத்தக்கது. கோபயாஷி ஆசிரியையின் பிழையைப் பொறுத்துக்கொள்ளவில்லை, பலரறியத் தூற்றவுமில்லை. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றாகிய உபகூஹனத்தை, அப்பெயரும் அறியாத ஒருவர் தம் பள்ளியில் கடைப்பிடித்தார்.

ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியலைக் கற்றுத் தேறியவள் நான். ஆயினும் ஒருநாள், திக்கித் திக்கிப் படித்த சிறுவனிடம், "நேரமாகிறது, உட்கார், அடுத்தவன் படிக்கட்டும்" என்றேன். எனக்குச் சினமில்லை, பாடத்தை முடிக்கும் அவசரமே இருந்தது. அவ்வாண்டு முழுவதும் அவன் மீண்டும் எழுந்து படிக்கவில்லை. அன்று காலையும் நான் நீரை வடிகட்டியே பருகியிருந்தேன்.

தாய்மார்களே, தந்தையரே! "கறுப்பி", "மந்தம்", "உன் அக்காளைப் பார்" என நம் இல்லங்களில் விளையாட்டாக வழங்கும் சொற்கள் எத்தனை! பிரதிக்கிரமணம் செய்யும் வேளையில், நடந்த வழியில் நம்மால் துன்புற்ற சிற்றுயிர்களை எண்ணி வருந்துகிறோம். அன்று நம் வீட்டுக் குழந்தையிடம் சொன்ன சொற்களையும் அவ்வேளையில் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. தவறியிருந்தால், மறுநாள் காலை அக்குழந்தையிடமே மன்னிப்புக் கேட்கவும் நாணாதிருப்போமாக.