விரும்பி ஏற்றதும் விதிக்கப்பட்டதும்

எளிமையில் இரு வகை உண்டு. ஒன்று, நாமே விரும்பி ஏற்பது. மற்றொன்று, வேறு வழியின்றி ஒருவர் மேல் சுமத்தப்படுவது. அசிசியின் புனித பிரான்சிஸ் ஏற்றது முதல் வகை. அதே அசிசியின் தெருக்களில் பசித்திருந்த ஏழைகளின் நிலை இரண்டாம் வகை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். ஆயினும் முன்னதை நற்பண்பு என்று போற்றும் நாம், பின்னதை அநீதி என்றே அழைக்கக் கடமைப்பட்டவர்கள். தாம்பரத்துச் சாலைகளில் ஓடும் மிதிவண்டியைக் குறித்து எண்ணும்போதும் இந்த வேறுபாடு நமக்குத் தேவைப்படுகிறது.

சேலையூரிலோ முடிச்சூர் சாலையிலோ விடியற்காலையில் நின்று பார்த்தால் இது விளங்கும். கேரியரில் தேநீர்க் கேனைக் கட்டிக்கொண்டு செல்கிறவர், கரணையும் மட்டப்பலகையும் பையில் தொங்க வேலைக்கு விரையும் கொத்தனார், இரவுக் காவல் முடிந்து திரும்பும் முதியவர் ஆகியோர் மிதிவண்டியில் செல்கின்றனர். அவர்களிடையே, தலைக்கவசம் அணிந்து, உடல்நலம் கருதியோ சுற்றுச்சூழல் கருதியோ மிதித்துச் செல்லும் அலுவலர் ஒருவரையும் காண்கிறோம். இவர் நாளையே மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிடலாம். அவர்களுக்கு அது இயலாது. சாலை ஒன்றே, வாகனம் ஒன்றே. தேர்ந்தெடுத்தவர் தேர்ந்தெடுக்க வழியற்றவருக்குப் பட்டிருக்கும் கடன் யாது? இதுவே நம் கேள்வி.

மிதிவண்டியைப் போற்றுவதே ஏழையை ஏளனம் செய்வதாகாதா என்று சிலர் வினவுவர். இந்த வினா நியாயமானது. பல்லாண்டு மிதித்துக் களைத்த ஒரு தந்தை தவணை முறையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குகையில், அவருடைய மகிழ்ச்சியைப் பேராசை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால், மிதிவண்டி எங்கும் எப்போதும் தாழ்வின் அடையாளமாக இருந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தபோது, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்கு அது விடுதலையின் வாகனமாயிற்று. தந்தையையோ கணவரையோ எதிர்பாராமல் தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் அவர்கள் தாமே சென்றனர். ஆகவே இழிவும் பெருமையும் வண்டியில் இல்லை. அதில் ஏறுபவருக்கு வேறு வழிகளும் திறந்திருக்கின்றனவா என்பதிலேயே இருக்கின்றன.

நமது பகுதி மிதிவண்டிக்கு ஏற்றது. 1931ஆம் ஆண்டு முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடுகிறது. நெடுந்தொலைவை ரயில் கடந்துவிடுவதால் பலருக்கு எஞ்சுவது வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலான இரண்டு முதல் ஐந்து கிலோமீட்டர் மட்டுமே. நிலமோ பெரும்பாலும் சமதளம். எனவே பல கியர்கள் கொண்ட விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிச் செல்வதிலும் இழிவு இல்லை.

தேர்ந்தெடுப்பதில் முதல் விதி அளவு. சட்டத்தின் இருபுறமும் கால்களை ஊன்றி நிற்கும்போது குறுக்குக் குழாய் உடலில் இடிக்கக் கூடாது. இருக்கையில் அமர்ந்து, குதிகாலைத் தாழ்ந்த மிதியில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இருக்கையை மிகத் தாழ்வாக வைத்து ஓட்டுவோர் முழங்கால் வலியை விலை கொடுத்து வாங்குகின்றனர். மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு ஆகியவை அன்றாடப் பயணத்துக்கு அழகுப் பொருள்கள் அல்ல, அவசியங்கள். இரண்டாவது விதி, நம் தெருமுனைக் கடைக்காரர் பழுதுபார்க்கக் கூடிய வண்டியாக அது இருத்தல். பஞ்சர் ஒட்டி, ரிம் கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றிப் பிழைக்கும் அந்த எளிய தொழிலாளியின் கைக்கு எட்டாத வண்டியை வாங்குகிறவர் அவருடைய பிழைப்பிலிருந்தும் விலகிக்கொள்கிறார்.

அடுத்தது பேணுதல். வாரம் ஒரு முறை காற்று, மாதம் ஒரு முறையேனும் செயினுக்கு எண்ணெய், ஆண்டுக்கு ஒரு முறை முழுதும் பிரித்துக் கழுவி கிரீஸ் வைத்தல் ஆகிய இவை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த வண்டியைத் துடைத்து எண்ணெயிட வேண்டும். இல்லையேல் துரு விரைந்து தின்றுவிடும். பிரேக்கும் விளக்கும் தனியே சிந்திக்கத் தக்கவை. ஈரமான இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை சரியாகப் பிடிப்பதில்லை. வண்டி நிற்க வெகுதூரம் பிடிக்கும். தேய்ந்த கட்டையை மாற்றாமல் மழையில் செல்கிறவர் தம் உயிரோடு மட்டும் விளையாடவில்லை. பள்ளிவிட்டுச் சாலையைக் கடக்கும் குழந்தையின் உயிரையும் பணயம் வைக்கிறார். விளக்கில்லா வண்டியை இரவில் காவலர் நிறுத்தி அபராதம் விதித்த காலம் ஒன்று இருந்தது. இன்று தட்டிக்கேட்பார் இல்லை. ஆயினும் கடமை குறைந்துவிடவில்லை. பிறரன்பு என்பது சில வேளைகளில் ஒரு புதிய பிரேக் கட்டையின் வடிவில் வெளிப்படுகிறது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவரும் சிந்தனையாளருமான இவான் இல்லிச், ஆற்றலையும் சமநீதியையும் பற்றி 1970களில் எழுதிய நூலில் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்கர் ஒருவர் காரில் செலவிடும் நேரத்தையும் அக்காருக்காக உழைக்கும் நேரத்தையும் கூட்டினால் ஆண்டுக்கு 1,600 மணி நேரத்துக்கும் மேலாகும். அதில் அவர் கடப்பதோ 7,500 மைல். அதாவது, மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு! தவணையும் பெட்ரோலும் கட்ட எத்தனை நாள் உழைக்கிறோம் என்று நாமும் கணக்கிடலாம். ஓர் எல்லையைத் தாண்டிய வேகத்தில் ஒருவர் மிச்சப்படுத்தும் நேரத்தை மற்றொருவர் இழக்கிறார் என்பதே இல்லிச்சின் வாதம். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் முதியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸும் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், ஓரிருவர் மட்டுமே செல்லும் ஏராளமான கார்களால் நகரங்கள் படும் துன்பத்தைச் சுட்டிக்காட்டினார்.

நல்ல சமாரியர் உவமையும் ஒரு சாலையில்தான் நிகழ்கிறது. அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் லேவியரும் காணாமல் போகவில்லை. கண்டும் விலகிச் சென்றனர். எனவே மெதுவாகச் செல்வதால் மட்டும் எவரும் அயலார் ஆகிவிடுவதில்லை. மிதிவண்டி நம் கண்ணைத் திறக்கலாம்; நிற்க வேண்டியது நாமே.

நிற்பது என்றால் இங்கே பொருள் என்ன? விரும்பி மிதிப்பவரிடம் தேநீர்க்காரரிடம் இல்லாத ஒன்று உண்டு. மனு எழுதத் தெரியும். அலுவலகத்தில் அவருடைய சொல் ஏறும். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் மிதிவண்டியினருக்குமான கொள்கை ஒன்றை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்றது. தாம்பரமோ 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தனி மாநகராட்சி ஆயிற்று. நம் சாலைகளின் ஓரம் யாருக்கு உரியது என்று கேட்க வேண்டிய இடம் இனி நம் ஊரிலேயே உள்ளது. விரும்பி மிதிப்பவர் தமக்காக மட்டும் கேட்டால் அது வசதி தேடல்; கொத்தனாருக்கும் காவலாளிக்கும் சேர்த்துக் கேட்டால் அது நீதி.

பங்குகளிலும் தொடங்கலாம். கோவில் வளாகத்தில் கார்களுக்கு இடம் ஒதுக்கும் நாம், மிதிவண்டிகளுக்கு நிழலில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோமா? கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் நள்ளிரவுத் திருப்பலிக்கு இருளில் மிதித்து வருவோரின் வண்டிகளில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, இல்லாதவருக்கு ஒன்று வாங்கித் தரும் இளைஞர் குழு உண்டா? செலவு சிறிது, அதன் பொருளோ பெரிது.

விரும்பி ஏற்ற எளிமை தன்னளவில் நின்றுவிட்டால் அது பொழுதுபோக்காகவே முடியும். விதிக்கப்பட்ட எளிமையின் சுமையைத் தோளில் சிறிதேனும் வாங்கிக்கொள்ளும்போதுதான் அது தவமாகிறது.